ஒன்றரை மணி நாடகம்: நேரம் மாறியதால் முடிந்துபோன ஒரு மதியத் தொடர்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. அங்கே டிவி தொடரை யாரும் அதன் பெயரைச் சொல்லிப் பேச மாட்டார்கள். 'ஏழு மணி நாடகம்', 'ஒன்பது மணி நாடகம்' என்றுதான் சொல்வார்கள். இந்த ஆய்வில் வரும் தொடருக்கும் ஒரு பெயர் இருந்தது, தலைப்புப் பாட்டும் இருந்தது. ஆனால் தெருவுக்கு அது 'ஒன்றரை மணி நாடகம்'. சேனல் அதன் நேரத்தை மாற்றியபோது, எங்கள் தெருவில் அதற்குப் பெயரே இல்லாமல் போனது.

அந்தச் சமயத்தில் நான் ஒரு கேபிள்காரரிடம் வசூல் வேலை பார்த்தேன். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். பெரும்பாலும் மதியத்தில்தான் போவேன், அப்போதுதான் ஆள் இருக்கும். எந்த வீட்டில் என்ன ஓடுகிறது, யார் எதை விட்டுவிட்டார்கள் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். சேனலின் பெயரையும் தொடரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எந்த முடிவு எந்த விளைவைக் கொண்டுவந்தது என்பதைப் பதிவு செய்தால் போதும்.

எங்கள் பக்கத்துப் பெண்களில் நிறையப் பேர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவர்கள். என் அம்மாவும் அப்படித்தான். அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் இந்தத் தொடருக்கு என்ன ஆனது என்பது விளங்காது. முதல் நாள் சாயங்காலம் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வருவார்கள். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். மறுநாள் சமையல் முடிந்ததும் இலை வெட்டு. தகர அளவை இலைமேல் வைத்து, ஓட்டையும் தடித்த நரம்பும் இல்லாத இடமாகப் பார்த்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். கண் இலையை விட்டு நகராது. பன்னிரண்டரை, ஒரு மணி வரை இது ஓடும். அப்புறம் சாப்பாடு. ஒன்றேகால் வாக்கில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் சுற்றுகிற வேலை தொடங்கும். முப்பது வருடம் சுற்றிய விரலுக்குக் கண் தேவையில்லை, காதும் தேவையில்லை. மூன்று மணிக்கு மேல் எண்ணிக்கை, 25 பீடிக்கு ஒரு கட்டு. நாலு மணிக்குக் கடை. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துவிடும்.

இதில் காதும் மனசும் சும்மா இருக்கிற நேரம் ஒன்றேகாலிலிருந்து மூன்று மணி வரைக்கும்தான். ஒன்றரை மணி நாடகம் அந்த இடைவெளியில் அச்சாகப் பொருந்தியிருந்தது.

மதியத் தொடரைப் பார்க்கிறவர்கள் என்று சொல்வதைவிடக் கேட்கிறவர்கள் என்று சொல்வதுதான் சரி. நகரத்தில் இருக்கிறவர்கள் நம் தொடர்களைக் கிண்டல் செய்வார்கள். ஒருத்தி வாசலில் வந்து நின்றாலே மற்றவள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'நீங்களா!' என்கிறாள், நேற்றுச் சொன்ன சேதியையே இன்றும் இன்னொருவரிடம் சொல்கிறாள், எதற்கெடுத்தாலும் இடி மாதிரி இசை வருகிறது என்பார்கள். தலையைக் குனிந்து பீடி சுற்றுகிறவளுக்கு வந்தது யார் என்று காதால் தெரிய வேண்டும். நேற்று மின்சாரம் போயிருந்தால் நேற்றைய சேதி இன்று கிடைக்க வேண்டும். அந்த இடிச் சத்தம் வந்தால்தான் அவள் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பாள். அந்த எழுத்தில் ஒரு கைத்தொழில் நுணுக்கம் இருக்கிறது.

இந்த வகைத் தொடரே வானொலியில் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1930களில் வீட்டு வேலை செய்துகொண்டே பெண்கள் கேட்பதற்காகப் பகல் நாடகங்கள் வந்தன. சோப்பு விற்கிற நிறுவனங்கள் பணம் போட்டதால் 'சோப் ஆப்பரா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 'கைடிங் லைட்' 1937-ல் வானொலியில் தொடங்கி, 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 வரை ஓடியது. வானொலியையும் சேர்த்தால் 72 வருடம். துணி தேய்க்கிற அம்மாவுக்கு எழுதிய எழுத்து அது. எங்கள் தெருவில் அம்மாக்களின் கையில் இலை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மாற்றம்: ஒன்றரையிலிருந்து பன்னிரண்டரை

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தொடர் பன்னிரண்டரைக்குப் போனது. முந்தின வாரம் திரையின் அடியில் ஓர் எழுத்துப் பட்டை ஓடியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? ஒன்றரைக்கு டிவியைப் போட்டவர்களுக்கு வேறு மொழியிலிருந்து குரல் மாற்றிய ஒரு தொடர் வந்தது. இரண்டு மூன்று நாள் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். அந்த மாத வசூலுக்குப் போனபோது என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஆச்சி கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏல, நீங்கதான் நாடகத்த நிப்பாட்டிட்டியளா?" சேனல் நேரத்தை மாற்றிவிட்டது ஆச்சி, பன்னிரண்டரைக்கு வருகிறது என்றேன். "அந்நேரம் இலை கையில இருக்கும்லா. வெட்டுக்கு எவ நாடகம் பாப்பா?" என்றார்.

குரல் மாற்றிய தொடரை அங்கே வைத்ததற்குச் சேனல் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்திருக்கும். புதிதாக எடுப்பதைவிட அது மலிவு. விளம்பரம் கூடுதலாக விற்கிற நேரத்தில் மலிவான சரக்கை வைத்தால் மிச்சம் அதிகம். ஆனால் அந்த நேரம் ஏன் விற்கிறது? இரண்டு வருடமாக அந்தத் தொடர் ஆட்களை அங்கே உட்கார வைத்ததால். பலன் மட்டும் புதியவருக்குப் போனது.

என் அக்காவை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் குளத்தூப்புழையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1976-ல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர்களைப் போல அக்காவுக்கும் ரப்பர் வேலை. விடியுமுன் பால் வெட்டப் போய், வாளியில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட உட்காரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். அக்காவுக்கும் ஒன்றரைதான் வசதி. பன்னிரண்டரைக்கு அவள் வீட்டிலேயே இல்லை. பீடியும் ரப்பரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்கள். ஆனாலும் மலையின் இரண்டு பக்கமும் ஓய்வு ஒரே நேரத்தில் வந்தது.

அக்கா வீட்டுக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிவி பார்ப்பதை அளக்கிற பார்க் (BARC) அமைப்பு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கருவி வைத்து, சனி முதல் வெள்ளி வரையான கணக்கை அடுத்த வியாழக்கிழமை கொடுக்கிறது. அதில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு சந்தை, கேரளம் தனிச் சந்தை. எந்தத் தமிழ்த் தொடர் எத்தனை புள்ளி என்று செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் சந்தையின் கணக்கு. குளத்தூப்புழையிலோ ஆரியங்காவிலோ மூணாறிலோ ஒரு வீட்டில் கருவி இருந்தாலும் அது கேரளக் கணக்கில்தான் விழும். சித்தூர், நகரிப் பக்கத்துத் தமிழர்கள் ஆந்திரக் கணக்கில் போவார்கள். ஆக, எல்லைக்கு அப்பால் இருக்கிற தமிழ்ப் பெண் தொடரை விட்டாலும் பிடித்தாலும், அதன் ஆயுளைத் தீர்மானிக்கிற எண்ணில் ஓர் அசைவும் தெரியாது. 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. கோடு கொஞ்சம் மாறி விழுந்திருந்தால் என் அம்மாவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்.

வேறு நாட்டில், வேறு காலத்தில், இதே நோய்

நேரம் மாறித் தொடர் விழுவது புதிதல்ல. 'தி எட்ஜ் ஆஃப் நைட்' என்ற அமெரிக்கத் தொடரின் கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. 1956 ஏப்ரல் 2 அன்று சிபிஎஸ் என்ற சேனலில் மாலை நாலரைக்குத் தொடங்கியது. குற்றம், வழக்கு, நீதிமன்றம் என்று போகிற கதை. பகல் நேரத்தின் பின்பகுதியில் வந்ததால், வேலை முடிந்து வந்த ஆண்களும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் சேர்ந்து பார்த்தார்கள். 1963-ல் மூன்றரைக்கு வந்தபோதும் அது தாக்குப்பிடித்தது. 1972 செப்டம்பரில் இரண்டரைக்குத் தள்ளினார்கள். தொடரின் சொந்தக்காரரான சோப்பு நிறுவனம் புராக்டர் அண்ட் கேம்பிள், தன் தொடர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும் என்று விரும்பியதுதான் காரணம். காகிதத்தில் வரிசை அழகாக இருந்தது. இரண்டரைக்கு ஆண்கள் வேலையில் இருந்தார்கள், பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பார்வையாளர் கணக்கு சரிந்தது. 1975 டிசம்பரில் அது ஏபிசி சேனலுக்கு மாறி நாலு மணிக்கு வந்தது. அதற்குள், அந்த நேரத்தில் சொந்தமாக வேறு நிகழ்ச்சி போட்டால் லாபம் என்று கண்டுகொண்ட உள்ளூர் நிலையங்கள் இதைக் கைவிட ஆரம்பித்தன. 1984 டிசம்பர் 28-ல் கதை முடிந்தது.

'சர்ச் ஃபார் டுமாரோ' இன்னும் வருத்தமானது. 1951-ல் அதே சிபிஎஸ்ஸில் தொடங்கி, ஏறத்தாழ முப்பது வருடம் மதியம் பன்னிரண்டரைக்கே வந்த தொடர். 1981 ஜூனில் அந்த இடத்தை 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடருக்குக் கொடுத்துவிட்டு, இதை இரண்டரைக்கு நகர்த்தினார்கள். பழைய நேரத்தைத் திருப்பிக் கேட்டும் சேனல் கொடுக்கவில்லை. 1982 மார்ச்சில் என்பிசி சேனலுக்குப் போய்ப் பன்னிரண்டரையைத் திரும்பப் பிடித்தார்கள். ஆனால் பழைய சேனலில் அதே பன்னிரண்டரைக்கு, பழைய வீட்டில் புதிதாகக் குடியேறிய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் திரும்பக் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. 1986 டிசம்பரில் நின்றது. இடத்தை வாங்கிய தொடர் பின்னாளில் அமெரிக்கப் பகல் தொடர்களில் முதலிடத்துக்கு வந்து பல வருடம் அங்கேயே இருந்தது. நேர மாற்றம் எல்லோரையும் கொல்வதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மோதவிடுவது இன்னொரு வகை. 1980 ஆகஸ்டில் 'டெக்சாஸ்' என்ற புதுத் தொடரை என்பிசி மூன்று மணிக்கு இறக்கியது. எதிரே ஏபிசியில் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்'. அதில் லூக், லாரா கல்யாணத்தை 1981 நவம்பரில் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். கல்யாணத்தை நோக்கிக் கதை நகர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் எதிரே வந்த புதுப் பிள்ளைக்கு என்ன வாய்ப்பு? பிறகு அதைக் காலைக்கு மாற்றினார்கள், 1982 முடிவோடு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் மாற்றமும் கடைசி மாதங்களும்

சித்திரையில் எங்கள் தொடர் மூன்று மணிக்கு வந்தது. பன்னிரண்டரையில் எண் விழுந்துவிட்டது, அதனால் இன்னொரு முயற்சி. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று மணி நல்ல நேரம்தானே, வேலை முடிந்திருக்குமே என்று தோன்றும். அது எண்ணிக்கை நேரம். எண்ணிக்கை தப்பினால் கடையில் பேச்சு வாங்க வேண்டும், கூலியும் போகும். சுற்றும்போது காதைக் கொடுக்கலாம், எண்ணும்போது கொடுக்க முடியாது. அம்மா ஒரு வாரம் முயன்று பார்த்தார். கதைக்குள் போனால் கட்டு 24 ஆனது, கட்டைக் கவனித்தால் கதை போனது. பிறகு மூன்று மணிக்கு டிவியை அணைத்துவிடுவார்.

என் வசூல் சுற்றில் கண்டதைச் சொல்கிறேன். ஒன்றரையில் வந்தபோது தெருவில் ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். மூன்று மணிக்கு மாறிய பிறகு வைகாசியில் போனபோது நாலைந்து வீட்டில்தான் அது கேட்டது. அதுவும் சின்னக் குழந்தையோடு இருக்கிற, பீடி வேலை இல்லாத வீடுகளில்.

அதன்பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். கதை கெட்டது. அதுவரை அது இரண்டு சகோதரிகள் சேர்ந்து ஒரு மெஸ் நடத்துகிற கதை. கேஸ் சிலிண்டர் பாக்கி, வாடகைக்காரர் தொல்லை, தங்கைக்கு வரும் வரன் என்று போகும். எண் விழுந்ததும் கடத்தல் வந்தது. செத்துப்போன கணவனின் சாயலில் ஒருவன் வந்தான். இதே சேனலின் இன்னொரு தொடரோடு மகாசங்கமம் வைத்து, ஒரு வாரம் இரண்டையும் ஒரு மணி நேரமாகப் போட்டார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்களுக்கு மற்றதன் மாமன் மச்சான் யாரென்று தெரியவில்லை. நடுவில் ஒரு பண்டிகைக்குப் படம், இன்னொரு நாள் நேரலை. பார்ப்பதும் விடுவதுமாக இருந்தவர்களுக்கு விட்டுவிட அதுவே நல்ல சாக்கு. 1995-ல் ஓ. ஜே. சிம்சன் என்ற விளையாட்டு வீரரின் கொலை வழக்கை மாதக்கணக்கில் நேரலையாகக் காட்டியபோது அமெரிக்கப் பகல் தொடர்கள் இப்படித்தான் ஆட்களை இழந்தன. வழக்கு முடிந்த பிறகும் திரும்பாதவர்கள் நிறைய.

ஆடியில், சாரல் காற்று மரக்கிளையையும் கேபிள் வயரையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், தொடர் முடிந்தது. நாலு நாளில் வில்லன் திருந்தினான், தங்கைக்குக் கல்யாணம் ஆனது, மெஸ்ஸுக்குப் புதுப் பலகை வந்தது. கடைசி நாள் எது என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கதையை இழுத்தாங்க, முடிஞ்சிருச்சு' என்று பேசிக்கொண்டார்கள். வரிசை மாறக்கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்: முதலில் நேரம் போனது, பிறகு ஆட்கள் போனார்கள், பிறகு எண் போனது, கடைசியாகத்தான் கதை போனது. எழுதியவர்கள் மேல் பழி விழுந்தது.

நேரம் ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டேன். நூறு நாள் வேலை வந்த பிறகு பகலில் வெளியே போகிற பெண்கள் கூடினார்கள். பீடிக்குக் கிடைக்கிற வேலை நாட்களும் முன்போல இல்லை. மொபைலில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற வசதி வந்தது. ஆனால் இவை எல்லாம் மெதுவாக அரிக்கிறவை. ஒரு தை மாதத் திங்கட்கிழமையிலிருந்து தெரு மொத்தமும் ஒரு தொடரை விட்டதற்கு இவை பதிலாகாது. மொபைல் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஈர இலையும் தூளும் ஒட்டிய கையால் யாரும் திரையைத் தேய்க்க முடியாது. டிவி தள்ளி நின்று சத்தமாகப் பேசும், கையைக் கேட்காது.

நேரத்தை மாற்றுகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அவர்கள் முன்னால் அரை அரை மணியாகக் கட்டம் போட்ட தாள் இருக்கிறது. இரவு எட்டு மணித் தொடரை எட்டரைக்கு மாற்றினால் வீடு சமாளித்துக்கொள்ளும், சாப்பாட்டை முன்னே பின்னே வைக்கலாம். மதியக் கட்டங்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் ஒரு வேலை இருக்கிறது: இலை வெட்டு, பால் எடுப்பு, தண்ணீர் பிடிப்பது, பிள்ளையைக் கூட்டி வருவது. அந்த வேலைகளின் நேரத்தைக் கடைக்காரரும் தோட்டத்து மேஸ்திரியும் பள்ளிக்கூட மணியும் தீர்மானிக்கிறார்கள். பார்க்கிறவளுக்கு அதை நகர்த்துகிற அதிகாரம் இல்லை. கருவி 'டிவி ஓடவில்லை' என்று மட்டும்தான் சொல்லும், 'கட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்' என்று சொல்லாது. மாற்றத்துக்கு முன் இரண்டு ஊரில் நாலு வாசலில் நின்று கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வேறு வழியில்லாமல் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எழுத்துப் பட்டை போதாது. தொடரில் நடிப்பவர்களே வாய்விட்டு ஒரு மாதம் சொல்ல வேண்டும், காதில் விழுகிற மாதிரி. பழைய நேரத்திலும் சில வாரம் மறுஒளிபரப்பு ஓட வேண்டும்.

2020 ஊரடங்கில் படப்பிடிப்பு எல்லாம் நின்றுபோய்ச் சேனல்கள் பழைய தொடர்களை எடுத்துப் போட்டன. 2002-ல் தொடங்கிய மெட்டி ஒலி மறுபடியும் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா அதை முழுக்கப் பார்த்தார். இலையும் வரவில்லை, கடையும் இல்லை. எந்த நேரத்துக்குப் போட்டாலும் பார்க்க முடிந்த ஒரே காலம் அதுதான்.

அக்கா இப்போது மதியத்தில் ஒரு மலையாளத் தொடர் பார்க்கிறாள். ஒன்றரைக்கு வருகிறது. ஆரம்பத்தில் பள்ளியில் மலையாளம் படிக்கிற மகள்தான் அர்த்தம் சொல்லிக்கொடுத்தாள், இப்போது அதுவும் தேவைப்படவில்லை. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்த மெஸ் நாடகத்தில் தங்கை யாரைக் கட்டினாள் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. சுளகை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கடைசி வாரம் எங்கோ ஒரு வீட்டு வாசலில் ரசீது எழுதிக்கொண்டே அந்தக் காட்சியை நான் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பெயர் ஞாபகம் வரவில்லை.